தகட்டைத் திறந்து பாருங்கள்

8,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பழைய சிங்கர் மெஷினில் இன்று வரை ஒரு தையல்கூட விழவில்லை. வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பணம் போனது ஒரு பக்கம். “தைக்கத்தான் வாங்குறேன்” என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் ஒருவர் என்னை ஏமாற்றி அனுப்பினாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கலாம், புது மெஷினுக்குப் பதில் பழைய இரும்பு மெஷின் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம் என்று நினைக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் பட்டது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தங்கப் பூவில் மயங்கினேன்

மதுரை கீழவாசலில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அம்மாவிடம் ஒரு சிங்கர் மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, அதில் தங்கக் கொடியும் பூவும், கீழே இரும்பு மிதி. அப்பா போன பிறகு எங்கள் மூன்று பேரையும் அதுதான் படிக்க வைத்தது. 1991-ல் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று சொல்லி என் சித்தப்பா அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். தலை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து எடைக்கு. அம்மா திரும்பி வந்ததும் அந்த மூலையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா செய்தது தப்பு என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வயது போதவில்லை. இன்று சொல்கிறேன்: அது தப்பு.

அந்த மெஷினைப்போல ஒன்று வாங்க வேண்டும் என்பது என் முப்பது வருஷத்து ஆசை. ஒரு வளைகாப்புக்காகக் காரைக்குடி போயிருந்தேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கிற கடைகள் அந்த ஊரில் வரிசையாக இருக்கின்றன. தூக்குவாளி, பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், மரத்தூண் என்று குவிந்து கிடக்கும். அதில் ஒரு கடை வாசலிலேயே நின்றது மெஷின். பளபளவென்று கறுப்பு. தங்கப் பூ நேற்று போட்டதுபோல் மின்னியது.

“பர்மாவுல இருந்து வந்ததுக்கா. ஆச்சி வீட்டுச் சாமான்” என்றார் கடைக்காரர்.

சக்கரத்தைச் சுற்றினேன். வெண்ணெய்போல ஓடியது. ஊசிக்கம்பி ஏறி இறங்கியது. ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிற சறுக்குத் தகட்டைத் திறக்கப் பார்த்தேன், நகரவில்லை.

“பெயின்ட் போன வாரந்தான் அடிச்சது. இப்பத் திறந்தா உரிஞ்சிரும். வீட்டுல போயி ஒரு மாசங்கழிச்சுத் திறந்துக்கங்க” என்றார்.

“நான் தைக்கத்தான் வாங்குறேன்.”

“அதுக்கென்னக்கா, ஒரு சர்வீஸ் போட்டாப் பறக்கும்.”

11,000 சொன்னதை 8,500-க்குக் கொண்டுவந்து, வென்றுவிட்ட நினைப்போடு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வேனுக்கு 1,200.

வீட்டுக்கு வந்த மறுநாளே பிளேடால் பெயின்டைக் கீறித் தகட்டை இழுத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. படகு வடிவத்தில் ஒரு ஷட்டில் இருந்திருக்க வேண்டும், இல்லை. அதற்குள் போகும் நீள பாபின், அதுவும் இல்லை. ஷட்டிலைத் தாங்கி முன்னும் பின்னும் ஆட்டுகிற கை மட்டும் இருந்தது. அதன் நுனி உடைந்து துருப்பிடித்திருந்தது.

மெஷின் தையல் என்பது இரண்டு நூல் சேர்ந்து போடுகிற முடிச்சு. மேல்நூலை ஊசி துணிக்குக் கீழே கொண்டுபோய் ஒரு வளையமாக விடும். அந்த வளையத்துக்குள் ஷட்டில் புகுந்து வந்தால்தான் கீழ்நூல் அதோடு பின்னிக்கொள்ளும். ஷட்டில் இல்லாத மெஷின் துணியில் ஓட்டை போடலாம், தைக்க முடியாது.

புதுமண்டபத்தில் நாற்பது வருஷம் தைத்த ஒரு பாய் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் சிலைத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, முடியவில்லை என்று பாய் தொழிலை விட்டுவிட்டார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சக்கரமும் ஓடும், ஊசியும் ஓடும்மா. கீழ்நூலுக்கு வழி இல்லாம தையல் எப்படி விழும்? இது படகு ஷட்டில் மெஷின். இதுக்குச் சாமான் இங்க எந்தக் கடையிலயும் இருக்காது. வெளிநாட்டுல இருந்து ஷட்டில் வரவழைச்சாலும் அதை வைக்கிற கையே உடைஞ்சு கெடக்கு.”

கடைக்காரருக்குப் போன் செய்தேன். “ஷோவுக்குத்தான வாங்குனீங்கன்னு நெனச்சேன்” என்றார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். அம்மாவின் மெஷினில் எனக்கு நினைவிருந்தது தங்கப் பூ மட்டும். அதன் பாபின் உருண்டையா, நீளமா? தெரியவில்லை. அந்தத் தகட்டைத் திறக்க எங்களை அம்மா விட்டதே இல்லை. “கை வைக்காதீங்க, ரிப்பேர் ஆயிரும்” என்பார். பதினைந்து வருஷம் அதன் பக்கத்தில் வளர்ந்தும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இருந்துவிட்டேன். கடைக்காரர் பொய் சொன்னார், உண்மை. அந்தப் பொய்யைப் பிடிக்க எனக்குத் தெரியவில்லை, அதுவும் உண்மை.

பையில் என்ன எடுத்துப் போக வேண்டும்

ஒரே விதி: உங்கள் துணியில், உங்கள் நூலில், உங்கள் கையால் பத்து அங்குலம் தைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தைக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பெயின்ட் உரியும், நூல் இல்லை, பெல்ட் இல்லை, மெக்கானிக் வரவில்லை என்று எது சொன்னாலும் “சரி, பிறகு வருகிறேன்” என்று நடந்துவிடுங்கள். பெல்ட் இல்லாவிட்டாலும் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கலாம்.

அரை மீட்டர் காடாத் துணி, சிவப்பு நூல் ஒன்று, கறுப்பு நூல் ஒன்று, 16-ஆம் நம்பர் புது ஊசி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச். இவ்வளவு போதும். மேலே சிவப்பும் கீழே கறுப்பும் கோத்துத் தையுங்கள். துணியின் மேற்பக்கம் கறுப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். அடிப்பக்கம் சிவப்பு வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்வு, அல்லது நூல் கோத்ததில் பிசகு. இவை திருகில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழைகிற பக்கமும், தட்டைப் பக்கம் ஷட்டில் பக்கமும் இருக்க வேண்டும். அப்படியும் தையல் விடுகிறதென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. அடுத்து துணியை நான்காக மடித்துத் தையுங்கள். நல்ல இரும்பு மெஷின் திணறாது.

பளபளப்பைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். தைத்த மெஷினில், துணியும் கையும் உரசுகிற முன்விளிம்பில் தங்கப் பூ தேய்ந்திருக்கும். மற்ற இடத்தில் மங்கலாக நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே மினுக்கு என்றால் அது புது ஸ்டிக்கர். எண்ணெய் விடும் துளைகளைப் பாருங்கள். என் மெஷினில் பாதித் துளை பெயின்டால் அடைந்திருந்தது. இதைப் பார்த்திருந்தாலே நான் தப்பித்திருப்பேன்.

சிங்கர் என்றால் வலப்பக்கம் அடித்தட்டில் ஒரு எண் பொறித்திருக்கும். எஃப், ஒய் என்ற எழுத்திலோ, ஈ-யில் ஆரம்பிக்கும் இரட்டை எழுத்திலோ தொடங்கினால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. எண் இருந்தால் மெஷின் பிறந்த காலம் தெரியும். ஆனால் எண் தைக்காது. என்னுடையதிலும் எண் இருந்தது.

ஊசித்தட்டின் முன்னும் பின்னும் இரண்டு சறுக்குத் தகடு இருந்தால் அது படகு ஷட்டில் வகை. ஷட்டிலும் பாபினும் உள்ளே முழுதாக இருந்து, தைத்தும் காட்டினால் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் தொடாதீர்கள். நம் ஊரில் பிழைக்கிறவர்களுக்கு உருண்டை பாபினும் பாபின் கேஸும் உள்ள மெஷின்தான் சரி. பாபின், கேஸ், ஊசி எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும்.

பழசு என்பதாலேயே விலை ஏற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2009-ல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, ஜனங்கள் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கினார்கள். உள்ளே அப்படி ஒன்றும் கிடையாது. மெஷினுக்கு விலை அது போடுகிற தையல்தான்.

பாயின் மெஷின்

இரண்டு வாரம் கழித்துப் பாயே வந்தார். “என் உஷாவை எடுத்துக்கம்மா. சும்மா கெடக்கு” என்றார். புதுமண்டபத்தில் அவர் ஓட்டிய டெய்லர் மெஷினின் தலை. பெயின்ட் பாதி போய் இரும்பு தெரிந்தது. முன்விளிம்பில் அவர் கை வைத்த இடம் வழவழவென்று இருந்தது. சும்மா கொடுக்க வந்தவரிடம் வற்புறுத்தி 2,800 கொடுத்தேன். பணம் வாங்கும் முன் அவர் செய்த முதல் காரியம், தலையைச் சாய்த்து, ஷட்டிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தது.

“இதான் மெஷின். மத்ததெல்லாம் இதைத் தூக்கிக்கிட்டு நிக்கிற இரும்பு.”

சுத்தம் செய்வதெல்லாம் பெரிய வித்தை இல்லை. துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைத்து, சக்கரத்தைச் சுற்றி, கறுப்பாக வழிவதைத் துணியால் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விடுங்கள். ஊசித்தட்டைக் கழற்றிப் பற்களுக்கு நடுவே அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நம் வீடுகளில் அவசரத்துக்கு அதைத்தான் விடுகிறார்கள். அது நாள்பட்டால் கோந்துபோல இறுகி மெஷினைப் பிடித்துவிடும். தோல் பெல்ட் மழைக்காலத்தில் தளரும், அரை அங்குலம் வெட்டிக் கம்பியால் கோத்தால் சரி.

அந்த உஷா தலையைக் காரைக்குடி ஸ்டாண்டில் வைத்தோம். அச்சாகப் பொருந்தியது. முழு அளவுத் தலைகள் பெரும்பாலும் ஒரே அளவுதான். ஸ்டாண்டில் பொய் இல்லை. மிதியும் பெரிய சக்கரமும் அசல் வார்ப்பிரும்பு.

என் கொழுந்தன் கணக்குப் போட்டார்: மெஷின் 8,500, வேன் 1,200, பாய்க்கு முன்னால் வந்து பார்த்த ஒரு மெக்கானிக்குக்கு 650, பாயின் தலை 2,800, சர்வீஸ் 400, பெல்ட் 150. மொத்தம் 13,700. “இந்தப் பணத்துக்கு மோட்டாரோட புதுசே வாங்கியிருக்கலாமே மதினி” என்றார், சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில், எல்லாருக்கும் கேட்க.

அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். அவர் மனைவிக்கு வாங்கிக் கொடுத்த புது மெஷினில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். ஜீன்ஸ் கால் மடிக்கப் போய் அது உடைந்து, மெஷின் இப்போது பரணில் இருக்கிறது. என் மெஷின் கரண்ட் போனாலும் ஓடும், நான்கு மடிப்பு ஜீன்ஸும் தைக்கும். போன தீபாவளிக்கு மட்டும் 62 ஜாக்கெட் தைத்தேன். காரைக்குடியில் ஏமாந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பழைய மெஷின் வாங்கியது சரியான முடிவுதான்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை

மெஷினுக்கு என்று இடம் ஒதுக்கவில்லை என்றால் தையலும் நிலைக்காது. கூடத்தில் போட்டால் விருந்தாளி வரும்போதெல்லாம் நகர்த்த வேண்டும். நகர்த்த நகர்த்த ஸ்டாண்டின் கால்கள் ஆடத் தொடங்கும். உங்கள் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்த ஒரு மூலை இருக்கும். அதைக் காலி செய்யுங்கள். வீட்டில் முணுமுணுப்பார்கள். என் வீட்டிலும் முணுமுணுத்தார்கள். இன்று அந்த மூலைதான் மளிகைக் கணக்கை அடைக்கிறது.

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு அப்போதுதான் கை நிழல் ஊசி மேல் விழாது. கறுப்பு ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூல் போடும்போது இதன் அருமை தெரியும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே மெஷினை வைக்காதீர்கள். வெட்டி வைத்த கைத்துண்டும் பட்டியும் பறந்து கலந்துவிடும்.

தரையில் குனிந்து துணி வெட்டுவதை விடுங்கள். நான் அப்படி வெட்டி முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். பழைய கதவுப் பலகை ஒன்றை 36 அங்குல உயரத்தில் நிறுத்தி, மேலே பழைய போர்வையை இழுத்துக் கட்டினேன். வெட்டுவதும் அதிலேதான், இஸ்திரி போடுவதும் அதிலேதான்.

சின்னச் சாமான்களுக்கு அஞ்சறைப்பெட்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. சமையலறையில் உபயோகிக்காமல் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். ஒரு கிண்ணத்தில் கொக்கி, ஒன்றில் வளையம், ஒன்றில் பிரஸ் பட்டன், ஒன்றில் சட்டைப் பட்டன், ஒன்றில் குண்டூசி, ஒன்றில் சாக்பீஸ், நடுவில் பாபின். மூடினால் தூசி இல்லை, திறந்தால் எல்லாம் கண் முன்னால். நூல்கண்டுகளுக்குப் பலகையில் ஆணி அடித்து நிறவாரியாகச் சொருகியிருக்கிறேன். 11, 14, 16, 18 என்று ஊசி நம்பர் எழுதிய நான்கு தீப்பெட்டிகள். பட்டுக்கு 11, ஜாக்கெட் காட்டனுக்கு 14, கனத்த துணிக்கு 16, 18.

வாடிக்கையாளரின் அளவு ஜாக்கெட், துணி, லைனிங் மூன்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, பெயரும் கொடுக்க வேண்டிய தேதியும் எழுதிய சீட்டைப் பையின் வெளியே குத்துங்கள். ஒரு தடவை இரண்டு பேரின் லைனிங் மாறிப்போய், கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு இரண்டு மணி வரை பிரித்துத் தைத்தேன். அன்றிலிருந்து பைதான்.

துணிக் கத்தரிக்கோல் துணிக்கு மட்டும். என் நாத்தனார் அதை எடுத்துப் பால் பாக்கெட் வெட்டினார். “கத்தரிக்கோல்தானே” என்றார். முனை மழுங்கி, அந்த வாரம் ஒரு பட்டுத்துணியை அது கடித்து வைத்தது. இப்போது அதைப் பூட்டி வைக்கிறேன். சாவி என் தாலிக்கொடி ஊக்கில் தொங்குகிறது. இதற்காக என்னைக் கஞ்சப்பிசினாரி என்கிறார்கள், சொல்லட்டும். பட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அந்தக் காரைக்குடித் தலை பரணில் இருக்கிறது. நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று கொழுந்தன் ஆள் கூட்டிவந்தார். வந்தவர் தங்கப் பூவைத் தடவிப் பார்த்து, “என் பொண்ணு தைக்கப் பழகுறா, அதுக்குத்தான்” என்றார். தகட்டை இழுத்து, உள்ளே காலியாக இருப்பதைக் காட்டி, இது தைக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொழுந்தனுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும்.

எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். சனிக்கிழமை தையல் பழக வருகிறாள். முதல் நாள் அவள் மிதியில் கால் வைக்கப் போனாள். நிறுத்தினேன். தலையைச் சாய்த்து, ஷட்டிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். “ரிப்பேர் ஆயிருமா அத்தை?” என்று பயந்தாள். “ஆச்சுன்னா நான் இருக்கேன். திரும்ப மாட்டு” என்றேன். நான்கு தடவை தப்பாக மாட்டி ஐந்தாவது தடவை சரியாக மாட்டினாள். அதற்குப் பிறகுதான் நூல்கண்டை எடுத்துக் கொடுத்தேன்.